அதே வளைவு, இருபதாவது முறை

ரேஸ் டிராக்குக்குப் போவதற்கு முந்தின ராத்திரி காரைக் காலி செய்வேன். கதவுப் பையில் கிடக்கும் தண்ணீர் பாட்டில், சீட்டுக்கு அடியில் உருண்டுபோன சில்லறை, மகளின் ஹேர் கிளிப், குடை, எல்லாம் வெளியே வந்துவிட வேண்டும். காலடி மேட்டையும் எடுத்துவிடுவேன். பிரேக் பெடலுக்கு அடியில் அது ஒருமுறை சுருண்டால் போதும், பெடல் முழுதாக இறங்காது. கடைசியில் டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் சின்னப் பிள்ளையார். அவரை மெதுவாகப் பெயர்த்து, துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொள்வேன். 130 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது முழு பலத்தோடு பிரேக்கை அழுத்தினால், காருக்குள் கட்டிவைக்காத பொருள் எதுவானாலும் அது எறிந்த கல்.

போன மாதம் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தபோது அக்கா மகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வயது 24. டர்போ எஞ்சின் வைத்த புதுக் கார் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. "மாமா, அதே ரோட்டுல சுத்திச் சுத்தி வர்றதுல என்னங்க இருக்குது? நம்ம பைபாஸ்ல ராத்திரி ஒரு மணிக்கு ஆளே இருக்க மாட்டாங்க" என்றான். அவனுக்கு அன்றைக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது தொழில். ஆறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஓட்டிய போர்ஷே கேமன் ஒன்றை வாங்கினேன். இரண்டே சீட். எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் உட்கார்ந்திருக்கும். ஆறு சிலிண்டர், மும்மூன்றாக இரு பக்கமும் படுத்த வாக்கில். 2.7 லிட்டர், 275 குதிரைத்திறன். பதினைந்து வயதிலிருந்து மனசில் இருந்த ஆசை அது.

வாங்கிய முதல் இரண்டு வருஷம் அந்தக் காரை ஓட்டிய நேரத்தைவிடத் துடைத்த நேரம்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் வைத்திருப்பவர்கள் ஓரிடத்தில் கூடுவோம். மற்றவர்கள் பானட்டைத் திறந்து வைப்பார்கள். கேமனில் அதற்கும் வழியில்லை, முன்னாலும் டிக்கி, பின்னாலும் டிக்கி, எஞ்சின் கண்ணுக்கே தெரியாது. பெயின்ட்டின் மேல் பிளாஸ்டிக் படலம், அதன் மேல் செராமிக் பூச்சு, அதன் மேல் தூசி படாமல் இருக்க உறை. அந்தக் கூட்டங்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒருவர் 1960களின் ஃபியட் 1100 ஒன்றைக் கொண்டுவருவார். கதவு ரப்பருக்காக மட்டும் ஊர் ஊராக அலைந்தவர் அவர். அந்தக் கதவை மூடும்போது வரும் சத்தத்தைக் கேட்கவே நான் பக்கத்தில் போய் நிற்பேன். உழைப்பை நிறுத்திவைத்துக் காட்டுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஃபியட்டை அவர் ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி மாட்டியவர். நானோ காசு கொடுத்து வாங்கியவன்.

ஒரு ஞாயிறு, பத்து வயசுப் பையன் ஒருவன் என் காரைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "அங்கிள், இது எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்டான். கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கிற எண்ணைச் சொன்னேன். அவன் கண் விரிந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த எண் நான் படித்தது. என் கார் பிரேக் பிடித்தால் எத்தனை தூரத்தில் நிற்கும், மழை ரோட்டில் எந்த இடத்தில் பிடி விடும், நடு வளைவில் காலை எடுத்தால் என்ன செய்யும் என்று ஒன்றுமே எனக்குத் தெரியாது. பட்டறையில் எந்த மெஷினைப் பற்றியும் இவ்வளவு தெரியாமல் நான் அதன் சுவிட்சைத் தொட்டதில்லை.

தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அந்த ஆசைதான் என்னை முதலில் தப்பான இடத்துக்குக் கொண்டுபோனது. நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸ், ராத்திரி ஒரு மணி. பக்கத்தில் இன்னொரு கார். கையசைத்தவுடன் இரண்டு பேரும் கிளம்பினோம். ஸ்பீடோமீட்டர் 160-ஐத் தொட்ட சமயம் லைட் வெளிச்சத்தின் ஓரத்தில் ஏதோ மின்னியது. எவர்சில்வர் டிபன் கேரியர். டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியின் ஹேண்டில்பாரில் தொங்கியது. மில்லில் ஷிஃப்ட் முடிந்து தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஒருவர் பக்கத்துத் தடத்திலிருந்து ரோட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார். பின்விளக்கு இல்லை. நான் பிரேக்கில் கால் வைத்தேனா, ஸ்டீயரிங்கை ஒடித்தேனா என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு கை அகலத்தில் அவரைக் கடந்து போனேன். வெகுதூரம் தள்ளித்தான் கார் நின்றது. இறங்கி நின்றேன். அவர் அதே மெதுவான வேகத்தில் வந்து, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அடுத்த நாள் பட்டறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 160 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 44 மீட்டர். ஆபத்தைக் கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்கு வர ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் கார் 44 மீட்டர் போய்விடுகிறது. அதற்குப் பிறகு, காய்ந்த ரோடும் நல்ல டயரும் இருந்தாலும் நிற்க இன்னும் 100 மீட்டர் வேண்டும். லோ பீமில் நமக்குத் தெளிவாகத் தெரிவதோ சுமார் 50 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் போயிருந்தால் இந்த இரண்டும் சேர்ந்து 47 மீட்டர், எப்படியோ நின்றிருக்கும். வேகம் இரட்டிப்பானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகிறது. இதை நான் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறேன். அந்த டிபன் கேரியரைப் பார்த்த பிறகுதான் அது எனக்குப் புரிந்தது.

பைபாஸில் ஆள் இருக்க மாட்டார்கள் என்பது பொய். நம் கண்ணுக்கு யாரும் தெரிவதில்லை, அவ்வளவுதான். ராத்திரி ஒரு மணிக்கு ரோட்டில் இருப்பவர்கள் மில் ஷிஃப்ட் முடிந்தவர்கள், பூ ஏற்றி வருபவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். நம் பந்தயத்தில் சேர அவர்கள் யாரும் சம்மதம் சொல்லவில்லை. சட்டமும் இதைச் சும்மா விடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்படி அரசு அனுமதியில்லாமல் பொது இடத்தில் பந்தயம் விட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறைக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஒரு வருஷம் வரை உள்ளே போக வேண்டியிருக்கும். ஆனால் எனக்கு அந்தப் பிரிவைவிட அந்த மனிதர் திரும்பிப் பார்த்த பார்வைதான் பெரிய தண்டனை.

பட்டறைக்கு வரும் மெக்கானிக் அண்ணன்தான், செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் டிராக் டே நடக்கும், அங்கே போ என்று சொன்னார்.

டிராக் டே என்றால் பலரும் ரேஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ரேஸ் கிடையாது. கோப்பை கிடையாது, முதல் இடம் கிடையாது. ரேஸ் டிராக்கை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, சொந்தக் கார் வைத்திருப்பவர்களைக் கட்டணம் வாங்கி விடுவார்கள். காலையில் காரைச் சோதிப்பார்கள்: பேட்டரி இறுக்கமாக இருக்கிறதா, ஆயில் கசிகிறதா, டயரிலும் பிரேக் பேடிலும் மிச்சம் எவ்வளவு, சீட் பெல்ட் பிடிக்கிறதா. ஹெல்மெட் கட்டாயம், முழுக்கை பருத்திச் சட்டை, மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ. அனுபவத்தைப் பார்த்துக் குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை பதினைந்து இருபது நிமிஷம் உள்ளே விடுவார்கள். வளைவில் யாரும் யாரையும் முந்தக்கூடாது. நேர்ப்பகுதியில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கை காட்டி வழி விட்டால்தான். டிராக் ஓரத்தில் நிற்கும் மார்ஷல் மஞ்சள் கொடி ஆட்டினால் முன்னே ஏதோ ஆபத்து, வேகத்தைக் குறைக்க வேண்டும். சிவப்பு என்றால் எல்லோரும் மெதுவாக, கார்கள் நிற்கும் இடமான பிட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

எல்லா காரும் ஒரே திசையில்தான் போகும். குறுக்கே நாய் வராது, லைட் இல்லாமல் நிறுத்திய லாரி இருக்காது. ஒவ்வொரு வளைவுக்கு வெளியேயும் மண்பரப்பு, அதற்கும் அப்பால் தடுப்பு, பிட்டில் ஆம்புலன்ஸ். 2025 ஜனவரியில் துபாயில் 24 மணி நேர ரேஸுக்கான பயிற்சியில் நடிகர் அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற வீடியோவை நம்மில் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்போம். அவர் தானே இறங்கி நடந்து வந்தார். கூண்டுக்கம்பியும் பெல்ட்டும் தடுப்பும் இதற்காகவேதான் இருக்கின்றன. அந்த மோதலைப் புளியமரத்தில் நினைத்துப் பாருங்கள்.

செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-இல் திறந்தது. ஒரு சுற்று இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெயரில் இருக்கும் கரி, எங்கள் ஊர் எஸ். கரிவரதன். ரேஸ் ஓட்டியவர், அதைவிட முக்கியமாக ரேஸ் கார் வடிவமைத்தவர். மாருதி 800-இன் எஞ்சினை வைத்து அவர் செய்த ஒற்றை சீட் கார்தான் ஃபார்முலா மாருதி. அதில் ஓட்டப் பழகிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை, 1995-இல் சிறு விமான விபத்தில் இறந்துவிட்டார். சென்னைக்காரர்களுக்கு இன்னும் பழைய கதை உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையான சோழவரத்தில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷம் ரேஸ் நடத்தியது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் அப்படிப்பட்ட போர்க்கால விமானதளமாகத் தொடங்கியதுதான். பிறகு கிளப் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக் கட்டிக்கொண்டது. நாட்டில் ரேஸ் டிராக்குகளே விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கின்றன. அதில் ஒன்று என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்க, நான் பைபாஸுக்குப் போனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

முதல் நாள் என் பக்கத்து சீட்டில் ஒரு பயிற்சியாளர் உட்கார்ந்தார். அறுபது வயதிருக்கும், சத்தமே போடாதவர். இரண்டு சுற்று பேசாமல் வந்தார். மூன்றாவது சுற்றில், "சீக்கிரமே திருப்பறீங்க" என்றார். "பயத்துல எல்லாரும் சீக்கிரம் திருப்புவாங்க. வளைவோட ஆரம்பத்துல சௌகரியமா இருக்கும். முடிவுல ரோடு தீந்து போயிரும். பொறுங்க. இன்னும் பொறுங்க. இப்பத் திருப்புங்க."

அந்த 'இப்ப' வருவதற்குள் என் உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது. ஆனால் கார் வளைவின் உள்விளிம்பைத் தொட்டுவிட்டு, நான் ஒன்றுமே செய்யாதது போல, வெளிவிளிம்புக்குத் தானே விரிந்து போனது. ஸ்டீயரிங் கையில் லேசாகிக்கொண்டே வந்தது. இரண்டு வருஷம் துடைத்துத் துடைத்து வைத்திருந்த கார் அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னிடம் பேசியது.

அவர் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது இதுதான். ஒரு டயர் தரையைத் தொடும் இடம் நம் உள்ளங்கை அளவுதான். நான்கு உள்ளங்கையில்தான் மொத்தக் காரும் நிற்கிறது. பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் சாயும், முன் டயர்கள் அழுந்திப் பிடிக்கும், பின் டயர்கள் லேசாகும். ஒரே டயரிடம் பிரேக்கையும் திருப்பத்தையும் முழுதாகக் கேட்டால் அது இரண்டையும் கொடுக்காது. அதனால் நேராக இருக்கும்போதே பெரும்பகுதி பிரேக்கை முடித்துக்கொண்டு, காலை மெதுவாக எடுத்துக்கொண்டே திருப்ப வேண்டும். எங்கள் பட்டறைக்கு டீ கொண்டுவரும் பையன் கம்பிக் கூடையில் எட்டு டம்ளர் தூக்கிக்கொண்டு மாடிப்படி திரும்புவான். ஒரு சொட்டு சிந்தாது. வேகமாகத்தான் வருவான், ஆனால் வெட்டித் திரும்ப மாட்டான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு டிராக்கின் வளைவுதான் ஞாபகம் வருகிறது.

இரண்டாவது முறை போனபோது ஒரு வளைவில் வேகம் அதிகம் என்று பயந்து, நடுவிலேயே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைப் படக்கென்று எடுத்துவிட்டேன். பாரம் முன்னால் சரிந்தது. எஞ்சினின் கனம் நடுவில் இருக்கும் காருக்குப் பின்பக்கம் பிடி விட்டால் பம்பரம் மாதிரிச் சுற்றிவிடும். ஒரு முழுச் சுற்று சுற்றி மண்ணில் போய் நின்றேன். எஞ்சின் அணைந்து, புழுதி கண்ணாடியில் மெதுவாகப் படிந்தது. மார்ஷல் மஞ்சள் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நடு வளைவில் காலை எடுத்தால் என் கார் என்ன செய்யும் என்ற கேள்விக்கு அங்கே, அந்த மண்ணில் உட்கார்ந்தபோது பதில் கிடைத்தது. மழைக்காலத்தில் வால்பாறை மலைரோட்டில் அந்தப் பதில் கிடைத்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பிரேக் விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும், சாதாரணக் கார் ஓட்டுகிறவர்களுக்கும் இது உதவும். நானும் காரும் சேர்ந்து 1,400 கிலோ. 160-லிருந்து நிறுத்தும்போது அந்த வேகம் முழுவதும் பிரேக்கில் சூடாக மாறுகிறது. ஒரே ஒரு தடவை நிறுத்துவதில் பிறக்கும் சூடு நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும். டிராக்கில் இது சுற்றுக்குச் சுற்று நடக்கிறது. நாம் பிரேக் ஆயில் என்று சொல்லும் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அது 155 டிகிரிக்கே இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி. ஆவி அமுங்கிக்கொடுக்கும், அதனால் பெடல் தரை வரை போகும், பேட் பிடிக்காது. இரண்டு வருஷமாக ஆயில் மாற்றாத என் காரில் ஆறாவது சுற்றில் பெடல் பஞ்சு மாதிரி இறங்கியது. நேர்ப்பகுதியின் முடிவு என்பதால் நிறைய இடம் இருந்தது, சமாளித்தேன். ஊட்டியிலிருந்து இறங்கும்போது இரண்டாவது கியரில் வா என்று பெரியவர்கள் சொல்வதும் இதற்குத்தான். அந்த வாரமே பழைய ஆயிலை இறக்கினோம். டீ டிகாக்ஷன் நிறத்தில் வந்தது.

வெளியே வரும்போது கடைசிச் சுற்றைப் பிரேக்கே தொடாமல் மெதுவாக ஓட்டி, காற்றில் ஆறவிட வேண்டும். நிறுத்திய பிறகு ஹேண்ட்பிரேக் போடக்கூடாது, சக்கரத்துக்கு அடியில் செங்கல் வைப்போம். டயரைத் தொட்டால் கை சுடும். ஓரங்களில் ரப்பர் உருண்டு உருண்டு பிசிறாக நிற்கும், அழிரப்பரைத் தேய்த்தால் வருமே, அது மாதிரி. காலையில் 30 வைத்த காற்று 37 காட்டும். நான்கு டயரிலும் பிசிறு எந்தப் பக்கம் அதிகம் என்று பார்த்தே, வளைவில் என்ன தப்பு செய்தோம் என்று சொல்லிவிடலாம்.

செலவு உண்டு. கட்டணத்தைவிட டயரும் பேடும்தான் தின்னும். இன்னொன்றையும் தெரிந்தே போக வேண்டும்: நம் சாதாரண கார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றுக்கு இடமில்லை. டிராக்கில் கார் அடிபட்டால் நம் கைக்காசுதான். இதைச் சொல்லாமல் ஆளைக் கூட்டிப் போவது நியாயமில்லை. ஆனால் டிராக்குக்கு வர விலை உயர்ந்த கார் வேண்டும் என்பதும் இல்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் தம்பி ஒருவர் பத்து வருஷப் பழைய ஸ்விஃப்ட்டில் வருவார். ஒருநாள் கண்ணாடியில் அந்தக் கார் தெரிந்தது. நேர்ப்பகுதியில் புள்ளியாகச் சின்னதாகும், ஒவ்வொரு வளைவிலும் பெரிசாகும். மூன்று சுற்று பார்த்துவிட்டு, நேர்ப்பகுதியில் கை காட்டி, காலைத் தளர்த்தி வழி விட்டேன். அவர் கை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவருக்குப் பின்னாலேயே ஓட்டி, அவர் எங்கே பிரேக் விளக்கு எரியவிடுகிறார் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். பைபாஸில் ஒரு கார் என்னை முந்தினால் ரத்தம் கொதித்திருக்கும். இங்கே முந்திப் போனவர் எனக்குப் பாடம் நடத்தினார். பிட்டுக்கு வந்ததும் டீ குடித்துக்கொண்டே, "அண்ணா, உங்க வண்டிக்கு வளைவுல பயமே இல்லீங்க. நீங்கதான் அதுக்குச் சேர்த்துப் பயப்படறீங்க" என்றார். நேர் ரோட்டில் மிதிப்பது காரின் எஞ்சினைக் காட்டும். அதைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். வளைவை யாராலும் வாங்க முடியாது.

அக்கா மகனுக்கு நான் இதையெல்லாம் உட்கார்த்திவைத்துச் சொல்லவில்லை. அந்த மில் தொழிலாளியைப் பற்றி மட்டும் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவன் கட்டணத்தை நான் கட்டினேன், ஒரே நிபந்தனையோடு: பிரேக் ஆயிலை மாற்றிவிட்டு வர வேண்டும்.

போன சனிக்கிழமை விடியற்காலை செட்டிபாளையத்தில் அவன் காரிலிருந்து செண்ட் பாட்டில், போன் ஹோல்டர், கூலிங் கிளாஸ், சார்ஜர் வயர் என்று ஒவ்வொன்றாக எடுத்து என் பிள்ளையார் பக்கத்தில் அடுக்கினான். என் ஹெல்மெட்டைக் கொடுத்தேன். அதே பயிற்சியாளர் அவன் பக்கத்தில் ஏறினார். பதினைந்து நிமிஷம் கழித்து பிட்டுக்குள் வந்து நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இறங்கியதும் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் குனிந்து முன் டயரின் ஓரத்தைத் தடவிப் பார்த்தான்.

"மாமா, மூணாவது வளைவுல நான் சீக்கிரமே திருப்பிடறேன்னு நினைக்கறேனுங்க" என்றான்.